தொப்பூர் இறக்கமும் டிரெய்லரின் மின்பிரேக்கும்

மாட்டுவண்டி கட்டி வாழ்ந்த குடும்பங்களில் பிறந்தவர்கள் நம்மிடையே இன்றும் பலர் உளர். பாரம் ஏற்றிய வண்டி சரிவில் இறங்கும் காட்சியைச் சிறுவயதில் கண்ட எவரும் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். வண்டிக்காரர் மாடுகளின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. சக்கரத்தின் இரும்புப் பட்டையோடு பிரேக்கட்டை உரசும்படி கயிற்றை முறுக்கி இறுக்குவார். கட்டை கிறீச்சிடும், வண்டி அடங்கி இறங்கும். பாரம் இருப்பது வண்டியில். மாட்டின் கழுத்தில் அன்று. எனவே தடையும் வண்டியிலேயே இருத்தல் வேண்டும் என்பது எழுத்தறியாத வண்டிக்காரருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் பழைய அறிவு நமக்குச் சென்ற ஆண்டு தொப்பூர் இறக்கத்தில் மீண்டும் நினைவுக்கு வந்தது. வந்த விதந்தான் அவ்வளவு இன்பமானதாக இல்லை.

நம் அன்பர் ஒருவர் அமெரிக்காவில் பல்லாண்டு பொறியாளராக இருந்துவிட்டுப் பெங்களூர் திரும்பியவர். அவருடைய தாயார் முழங்கால் வலியால் நெடும்பயணத்துக்கு அஞ்சுபவர். ஆயினும் பொங்கலைச் சேலத்துக்கு அப்பாலுள்ள சொந்த ஊரில்தான் கொண்டாடவேண்டும் என்பதில் மாறாத உறுதியுடையவர். வழியில் படுக்கவும், வெந்நீர் வைக்கவும், தூய கழிப்பறையைப் பயன்படுத்தவும் வாய்ப்பு இருந்தால் அம்மையாரின் அச்சம் நீங்கும் என்று கருதிய மகன், நகரின் ஓரத்திலிருந்த பட்டறை ஒன்றில் சிறியதொரு வீட்டு டிரெய்லரைச் செய்வித்தார். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் வண்டிவீட்டுச் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது முதல் இத்தகைய வண்டிகளில் நம் மக்களுக்கும் ஆசை பிறந்திருக்கிறது. நம் நாட்டில் காணப்படுபவற்றுள் பெரும்பாலானவை எஞ்சினோடு கூடிய ஒரே வண்டிகள். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பவை மிகச் சில. ஊரில் டிரெய்லரை நிறுத்திவிட்டுக் காரைத் தனியே ஓட்டிச் செல்லலாம் என்ற வசதிக்காக அன்பர் இழுக்கும் வகையையே தேர்ந்தெடுத்தார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. ஆகையால் அதற்கெனத் தனியே பதிவு வேண்டும். அந்த முயற்சியில் அவர் தேய்த்த செருப்புகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

பாரத்தோடு டிரெய்லரின் எடை 1,400 கிலோ. ஒரே அச்சு, இரண்டு சக்கரம். இரண்டிலும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மின்பிரேக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. ஓட்டுநரின் கையருகே சிறு கண்ட்ரோலர் ஒன்றும் இருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கை நம்பித்தான் நாமும் உடன் புறப்பட்டோம்.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலமோ 300 மீட்டருக்கும் குறைவு. அத்திப்பள்ளியைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் செல்பவருக்கு இவ்வேறுபாடு முதலில் புலப்படுவதே இல்லை. தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாய் வந்தவுடன்தான் மலை தன் கணக்கைக் கேட்கிறது. 2020 டிசம்பரில் அங்கே கட்டுக்கடங்காமல் வந்த லாரியொன்று முன்னால் நின்ற வண்டிகள் பலவற்றின்மேல் மோதி நால்வர் உயிரிழந்தனர். 2024 ஜனவரியில் மீண்டும் அதே இறக்கத்தில் லாரி மோதி நால்வர் மாண்டனர். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவதும், அதனால் பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போவதும் அங்கே அடிக்கடி கூறப்படும் காரணங்கள். கியரில் இறங்குமாறு எச்சரிக்கும் பலகைகள் வழிநெடுக இருக்கின்றன. ஆண்டுதோறும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம் குடும்பங்கள் இவ்வழியேதான் ஊருக்குப் போகின்றன; திரும்புகின்றன.

அன்பர் நியூட்ரலில் இறங்குபவர் அல்லர். ஆயினும் இறக்கத்தின் நடுவே பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகச் சென்றது. பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போன்ற உணர்ச்சி ஏற்பட்டது. பின்னிருக்கையிலிருந்த அம்மையார்தான் முதலில் சொன்னார்: "ஏம்ப்பா, என்னமோ கருகற வாடை வருதே. வண்டிய ஓரங்கட்டுப்பா."

முதல் கியருக்கு வந்து, அகன்றதோர் ஓரத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தோம். காரின் முன்சக்கரங்களின் அருகே கைகொண்டு போக முடியவில்லை, அனல் வீசிற்று. டிரெய்லரின் டிரம்மோ மண்பானையைப் போலக் குளிர்ந்திருந்தது. 1,400 கிலோ எடையுள்ள டிரெய்லர் ஒரு துளியும் தன்னைத்தான் தடுத்துக்கொள்ளாமல், முழுப் பாரத்தையும் காரின் தலையில் சுமத்திக்கொண்டு வந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதில் கொஞ்சம் கணக்கும் உண்டு. ஆயிரம் கிலோ எடை நூறு மீட்டர் கீழிறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழப் பத்து லட்சம் ஜூல். சமையலறைக் கணக்கில் சொன்னால், மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அன்பருடைய டிரெய்லரின் எடைக்கு நூறு மீட்டருக்கு நான்கு லிட்டருக்கு மேல் ஆகிறது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் சாலையும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது எந்தப் பிரேக் வேலை செய்கிறதோ அதற்கே போய்ச் சேரும். தன் சொந்த எடைக்கென்று அமைந்த காரின் பிரேக் இந்த வேண்டாத விருந்தையும் உண்ணவேண்டி வந்தால், லைனிங் சூடேறி உராய்வுத்திறன் குன்றும். வெப்பம் மிகுந்தால் குழாயிலுள்ள பிரேக் எண்ணெயே கொதித்து, மிதி தரைவரை போய்விடும். நம் மிதி ஆழமாகப் போனதும் அந்த வழியின் முதற்படியே.

அன்றிரவு முதல் கியரிலேயே நின்று நின்று இறங்கிச் சேலம் சேர்ந்தோம். பெங்களூர் திரும்பிய பின்னர் மின்பிரேக் என்பது யாது, அது ஏன் உறங்கிப் போயிற்று என்று அன்பரோடு இருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துப் பெலாய்ட் நகரில் ஆர்தர் பிராட் வார்னர் என்பவர் இருந்தார். மோட்டாரின் வேகமானியைச் செய்து விற்றுப் பெயரும் பொருளும் ஈட்டியவர். இழுவண்டிகளுக்கான மின்பிரேக்கை 1920-களின் பிற்பகுதியில் தொழிலாக வளர்த்தவரும் அவரே. இன்றும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வீட்டு டிரெய்லர்களில் இம்முறையே மிகுதி. ஐரோப்பியர் வேறொரு முறையைக் கையாளுகின்றனர். கார் மெதுவாகும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையே அதன் பிரேக்கை இயக்குமாறு அவர்கள் இணைப்பை அமைத்திருக்கிறார்கள். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் இடைவிடாது தள்ளிக்கொண்டே வருவதால் பிரேக்கும் இடைவிடாது உரசிச் சூடேறும்.

மின்பிரேக்கின் உள்ளமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளிது. சக்கரத்தோடு சுழலும் டிரம். அதன் உள்ளே நிலையாக நிற்கும் பின்தட்டு. தட்டில் இரண்டு பிறை வடிவ ஷூக்கள். இவ்வளவும் சாதாரண டிரம் பிரேக்கில் உள்ளவையே. புதியது ஒன்றுதான்: நெம்புகோல் ஒன்றின் நுனியில் அமைந்த மின்காந்தம். மிதியை மிதித்ததும் கண்ட்ரோலர் மின்சாரம் அனுப்புகிறது. காந்தம் டிரம்மின் தட்டையான உட்பரப்பை இறுகப் பற்றுகிறது. சுழலும் டிரம் காந்தத்தைச் சற்றே தன்னோடு இழுத்துச் செல்ல, நெம்புகோல் திரும்பி ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. மின்சாரம் கூடினால் அழுத்தம் கூடும், குறைந்தால் குறையும். டிரம் சுழன்றால்தான் நெம்புகோல் திரும்பும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே நின்ற வண்டியை நிறுத்தி வைக்க இந்தப் பிரேக்கை நம்பலாகாது, முட்டுக்கட்டைதான் துணை.

பத்து அங்குல டிரம்முக்குரிய காந்தம் ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்று ஆம்பியர் மின்சாரம் உண்ணும். இரண்டு சக்கரத்துக்கு ஆறு ஆம்பியர். அன்பர் ஆம்பியர் மீட்டரைக் கம்பியின் இடையே இணைத்து, கண்ட்ரோலரின் கைப்பிடியை முழுதும் தள்ளிப் பார்த்தார். முள் இரண்டைக்கூட எட்டவில்லை. காரணம் தேட நெடுநேரம் ஆகவில்லை. பட்டறையார் விளக்குக்கு இழுக்கும் மெல்லிய கம்பியையே பிரேக்குக்கும் இழுத்திருந்தார். எர்த் கம்பியைச் சேஸிஸின் பெயின்ட் மேலேயே திருகியிருந்தார்; ஒரு மழைக்காலத்தில் அத்திருகில் துருவேறிவிட்டது. பச்சை விளக்கு தெரிவிப்பது காந்தம் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. அது போதிய மின்சாரம் பெறுகிறது என்பதை அன்று. இந்த வேறுபாட்டை அன்றுவரை நாமும் அறிந்திலோம்.

இரண்டு காந்தமும் சேர்ந்து தரும் தடை இரண்டு ஓம் என்று கொண்டால், கம்பியிலும் எர்த்திலும் அரை ஓம் தடை கூடினாலே மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே குறைந்துபோகும். எனவே தடித்த செப்புக் கம்பி வேண்டும். எர்த்தைக் கொக்கியின் பந்து வழியாக விட்டுவிடாமல், அதற்கெனத் தனிக் கம்பியைப் பிளக்கின் வழியே காரின் பாட்டரிவரை கொண்டு போக வேண்டும். சதார் பத்ரப்பா சாலை என்னும் எஸ்.பி. ரோடில் இரண்டு மணி நேரம் அலைந்து அன்பர் கம்பி வாங்கினார். கம்பியை மாற்றி, இணைப்புகளை ஈயப்பற்று வைத்து, நீர் புகாத உறை இட்ட பிறகு முள் ஆறை நெருங்கி நின்றது. பிளக்கில் கம்பியின் நிறத்தை மட்டும் நம்பி இணைப்பதும் தவறு. நாட்டுக்கு நாடு நிறங்கள் வேறுபடும். ஒவ்வொரு முனையையும் சோதனை விளக்கால் பார்த்தே இணைத்தல் வேண்டும். லாரியின் 24 வோல்ட்டை இந்தக் காந்தத்துக்குக் கொடுத்தால் அது வெந்துபோகும்.

பொருத்துவதிலும் சில நுட்பங்கள் உண்டு. இடச்சக்கரத்துப் பிரேக்கும் வலச்சக்கரத்துப் பிரேக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டலாகாது. லைனிங் நீளம் குறைந்த ஷூ எப்போதும் வண்டியின் முன்புறம் நோக்கி வரவேண்டும். பின்பு சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, பின்தட்டின் துளை வழியே பற்சக்கரத் திருகைத் திருகிச் சக்கரத்தைக் கையால் சுழற்ற இயலாதவாறு இறுக்க வேண்டும். அதன்பின் எதிர்ப்புறமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழன்று, ஷூ மெல்ல உரசும் ஓசை மட்டும் கேட்கும் நிலையே சரியானது. புதுப் பிரேக்காயின் முதல் 300 கிலோமீட்டருக்குப் பின் ஒருமுறையும், பிறகு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும் இதைச் செய்தல் வேண்டும். தானே இறுக்கிக்கொள்ளும் பிரேக்குகளும் உண்டு. அவற்றுக்கு இவ்வேலை இல்லை. பார்வையிடும் வேலை உண்டு.

கண்ட்ரோலர் இருவகை. ஒன்று, மிதியை மிதித்ததும் குறித்த நேரத்தில் குறித்த அளவு மின்சாரம் தரும். மற்றது, கார் எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்பத் தரும். விலை கூடினாலும் இரண்டாவதையே வாங்குக என்போம். சில்க் போர்டு சந்தியில் அடிக்கொருதரம் பிரேக் மிதிக்கும் நமக்கு, முதல் வகை ஒவ்வொரு மிதிக்கும் ஒரு குலுக்கல் கொடுக்கும். பின்னிருக்கையில் முழங்கால் வலியோடு ஒருவர் அமர்ந்திருக்கையில் அது கொடுமை.

டிரெய்லரின் பலத்தை அளவிடுவது வீதியில்தான். விடியற்காலையில், சமமான, ஈரமற்ற, வண்டி நடமாட்டமில்லாத சாலையில், பாரம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். காரின் மிதியைத் தொடாமல் கண்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் தள்ள வேண்டும். டிரெய்லர் தன் வலிமையால் காரையும் சேர்த்துப் பிடித்து இழுப்பது தெளிவாகத் தெரியவேண்டும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயக்கூடாது. தேய்ந்தால் அளவைக் குறைத்தும், பிடிக்காவிட்டால் கூட்டியும் மீண்டும் பார்க்க வேண்டும். பாரம் மாறினாலும், மழை பெய்தாலும் இந்த அளவும் மாறும். புதிய ஷூக்கள் டிரம்மோடு படிவதற்கு, 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30 வரை டிரெய்லர் பிரேக்கால் குறைப்பதை இருபது முப்பது தடவை, இடையிடையே ஆறவிட்டுச் செய்தல் வேண்டும். இதைச் செய்யாத புதுப்பிரேக் பாதி வலிமைகூடக் காட்டாது என்று அன்பர் சொல்லுகிறார். அந்தப் பாதி என்பது அவருடைய கோபத்தின் அளவாகவும் இருக்கலாம்.

இன்னொரு பொருளைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஓடும்போது கொக்கி கழன்றுவிட்டால் என் செய்வது? அதற்காக டிரெய்லரில் தனியே ஒரு சிறு பாட்டரியும், ஊசி செருகிய ஸ்விட்ச் ஒன்றும் வைக்கப்படுகின்றன. ஊசியின் கயிறு காரில் கட்டப்பட்டிருக்கும். டிரெய்லர் பிரிந்தால் கயிறு ஊசியைப் பிடுங்கும். உடனே பாட்டரி மின்சாரம் காந்தங்களுக்குப் பாய்ந்து சக்கரம் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க விதிகளில் இந்தப் பிடிப்பு 15 நிமிடமாவது நிலைக்கவேண்டும் என்று உள்ளது. கயிற்றைக் காப்புச் சங்கிலியில் கட்டாமல் காரின் சட்டத்தில் தனியே கட்டவேண்டும். புறப்படுமுன் முதலில் காரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசியைப் பிடுங்கிச் சக்கரம் பிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிளக் இருக்கும்போதே பிடுங்கினால் கண்ட்ரோலர் கெடக்கூடும். அன்பருடைய டிரெய்லரில் இந்தப் பாட்டரி ஓராண்டாக மின்னூட்டமின்றிச் செத்துக் கிடந்தது. தொப்பூரில் கொக்கி கழன்றிருந்தால் என்ற எண்ணத்தை அம்மையாரிடம் நாம் இன்றுவரை வெளியிடவில்லை.

பராமரிப்பில் கண்ணும் மூக்கும் பெரிதும் உதவும். ஆண்டுக்கு ஒருமுறை டிரம்மைக் கழற்றிப் பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் இடவேண்டும். அப்போது கிரீஸ் லைனிங்கில் பட்டுவிட்டால் துடைத்துப் பயனில்லை, ஷூவையே மாற்றவேண்டும். காந்தத்தின் முகம் ஒருசீராகத் தேய்ந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்கலாம். உள்ளிருக்கும் செப்புச் சுருள் வெளித்தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நீர் தேங்கிய சாலையைக் கடந்தபின் மெல்லப் பிரேக்கிட்டு உலர்த்திக்கொள்வது நலம். மாதக்கணக்கில் நின்ற டிரெய்லரில் டிரம்மின் உட்பரப்பு துருப்பிடித்துக் காந்தத்தை அரம்போல் அராவும். பொங்கலுக்கு மட்டும் வெளியே எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் மலை மலைதான். மின்பிரேக்கில் கொதிக்க எண்ணெய் இல்லை. ஆயினும் சூடேறினால் செப்புச் சுருளின் மின்தடை உயரும். நூறு டிகிரி ஏறினால் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு கூடும். அதற்கேற்ப மின்சாரமும், பிடிப்பும் குறையும். டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுவது வேறு. ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு வந்து, வேகத்தை எஞ்சினிடம் ஒப்படைத்து, பிரேக்கை விட்டுவிட்டுச் சிறிது சிறிதாகவே மிதிக்கவேண்டும். டிரெய்லர் வாலைப்போல் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தல் ஆகாது. கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்ல இட்டால் அது பின்னுக்கு இழுக்கப்பட்டு நேராகும். ஆட்டம் வராமலிருக்க எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியின்மேல் அமரும்படி சாமான்களை முன்புறமாக அடுக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைப்பது பட்டறைக்கு எளிது, சாலையில் கேடு. ஓடும் டிரெய்லருக்குள் யாரையும் அமரவோ படுக்கவோ விடுதல் எக்காரணத்தாலும் கூடாது.

இவ்வாண்டு மீண்டும் அதே குடும்பத்தோடு அதே வழியில் சென்றோம். தருமபுரியைக் கடந்ததும் வண்டியை நிறுத்தி, ஊசி, கயிறு, சங்கிலி, பிளக் யாவற்றையும் அன்பர் தொட்டுப் பார்த்தார். நாம் கைப்பிடியைத் தள்ள, அவர் ஆம்பியர் மீட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாவது கியரில் இறங்கினோம். பின்னால் வந்த பேருந்துகள் பொறுமையிழந்து ஒலி எழுப்பின. அம்மையார் முந்தானையால் காதை மூடிக்கொண்டு, "அவன் போகட்டும், நீ மெதுவாப் போ" என்றார். மலையடியில் நிறுத்திப் பார்த்தபோது காரின் சக்கரங்களும் டிரெய்லரின் சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன. டிரெய்லரின் இடப்பக்கத்து டிரம் மட்டும் வலப்பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சுட்டது. ஊர் சேர்ந்து, மறுநாட்காலை வாசலில் கோலம் காயுமுன் ஜாக்கி ஏற்றி, வலப்பக்கத்துப் பற்சக்கரத்தை நான்கு பல் இறுக்கினோம்.